எட்டாம் வகுப்பு இல்லத்திலே: ஓராண்டுக்கு ஒரு திட்டம்

பிள்ளை எட்டாம் வகுப்பை வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று முடிவெடுக்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே உள்ளன. உடல்நலம், பணியிட மாற்றம், விளையாட்டுப் பயிற்சி, பள்ளியின் வேகத்தோடு பொருந்தாமை எனக் காரணங்கள் பலவகைப்படும். ஹைதராபாத்தின் நாச்சாரம், மல்லாபூர், ஹப்சிகூடா, தார்நாகா பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றுக்கு இன்னுமொரு காரணம் உண்டு. பேசத் தெரிந்த தாய்மொழியை எழுதப் படிக்கப் பள்ளி நேரத்தில் பிள்ளைக்கு வாய்ப்பு அமைவதில்லை.

முடிவெடுத்தவுடன் பெரும்பாலோர் முதலில் செய்வது பாடநூல்களை வாங்குவது. ஆனால் இந்த ஆண்டின் திட்டத்தைப் பாடநூலிலிருந்து தொடங்குவதைவிட, ஆண்டு முடிந்தபின் பிள்ளை எங்கே செல்லவிருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளை ஒரு நிலையாகவும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ளவற்றை அடுத்த நிலையாகவும் பிரிக்கிறது. எட்டாம் வகுப்பு இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள படி. இதுவரை மதிப்பெண் குறைந்தாலும் பெரிய இழப்பில்லை. இதற்குப் பின் பதிவு, தேர்வு, சான்றிதழ் ஆகியவை குறுக்கே வரும். வைப்புத்தொகை தொடங்க வருபவரிடம், "இந்தப் பணம் எப்போது, எதற்காகத் தேவைப்படும்?" என்று முதலில் கேட்பது வங்கி வழக்கம். அதே கேள்வியை இங்கும் கேட்க வேண்டும்.

மூன்று வாயில்கள்

முதல் வாயில், ஒன்பதாம் வகுப்பில் மீண்டும் பள்ளியில் சேர்வது. சி.பி.எஸ்.இ. வாரியம் மாணவர்களை ஒன்பதாம் வகுப்பிலேயே பதிவு செய்துவிடுகிறது. ஆகவே, "பத்தாம் வகுப்பில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் பெரும்பாலும் ஈடேறாது. பழைய பள்ளியிலிருந்து விலகும்போதே மாற்றுச் சான்றிதழைப் பெற்றுப் பத்திரப்படுத்த வேண்டும். சேர விரும்பும் பள்ளியில், வீட்டில் படித்த பிள்ளைக்கு நுழைவுத் தேர்வு உண்டா, என்னென்ன ஆவணங்கள் தேவை என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டு, பதிலை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

இரண்டாவது வாயில், திறந்தநிலைப் பள்ளி. 1989இல் தொடங்கப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமும் (என்.ஐ.ஓ.எஸ்.), மாநில அளவில் தெலங்கானா திறந்தநிலைப் பள்ளிச் சங்கமும் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை நடத்துகின்றன. இரண்டிலும் குறைந்தபட்ச வயது 14. என்.ஐ.ஓ.எஸ். தேர்வில் ஒரு மொழி உட்படக் குறைந்தது ஐந்து பாடங்களில் தேர்ச்சி பெற வேண்டும். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம். மொழிப் பாடங்களில் தமிழும் தெலுங்கும் உள்ளன. இதில் கணிதத்தை எடுக்காமலேயே தேர்ச்சி பெற வழியுண்டு என்பது சிலருக்கு ஆறுதலாகத் தோன்றும். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் அல்லது பொறியியல் வழியில் செல்ல நினைப்பவருக்கு அதனால் கதவு அடைபடும். பதின்மூன்று வயதில் கணிதத்தைக் கைவிடச் செய்யும் முடிவைப் பெற்றோர் எளிதாக எடுத்துவிடலாகாது.

மூன்றாவது வாயில், கேம்பிரிட்ஜ் போன்ற வெளிநாட்டு வாரியத் தேர்வுகள். தனித்தேர்வராக எழுத இடமுண்டு. ஆனால் தனித்தேர்வரை ஏற்கும் மையத்தை முன்கூட்டியே கண்டறிய வேண்டும். கட்டணமும் பல மடங்கு கூடுதல். ஹைதராபாத்தைச் சேர்ந்த மேசைப்பந்தாட்ட வீராங்கனை நைனா ஜெய்ஸ்வால் வீட்டில் பயின்று, எட்டு வயதிலேயே இவ்வழியில் பத்தாம் வகுப்பு நிலையை முடித்தவர். செய்திகளில் அவரைப் பற்றிப் படித்த பெற்றோர் அந்த வேகத்தைத் தம் பிள்ளைக்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டியதில்லை. திறந்தநிலைப் பள்ளிகளில் பதினான்கு வயதுக்கு முன் அந்தக் கதவு திறக்காது.

வாயிலை முன்கூட்டித் தேர்ந்துகொள்வது ஏன் இன்றியமையாதது என்பதற்கு மும்பையில் நடந்த ஒரு நிகழ்வு சான்று. அந்நகரத்து மாணவி ஒருவர் ஏழாம் வகுப்பளவில் பள்ளியை விட்டு வீட்டில் படித்தார். கணினி நிரலாக்கத்தில் ஆழ்ந்து, பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் பெற்றார். 2016இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம் அவருக்கு உதவித்தொகையுடன் இடம் தந்தது. சென்னைக் கணிதவியல் நிறுவனமும் அவருக்கு இடமளித்திருந்தது. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புச் சான்று இல்லாததால் ஐ.ஐ.டி.யில் சேர அவருக்கு வழி இருக்கவில்லை. அரிய திறமைக்கே நிலை இதுவென்றால், இயல்பான திறமையுள்ள நம் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. கல்விக் கடன் விண்ணப்பத்தோடு பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்களையே வங்கிகள் கேட்கின்றன. செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் உயர்கல்விக்காகப் பகுதித் தொகை எடுப்பதற்கும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி அல்லது பதினெட்டு வயது நிறைவு வேண்டும்.

சட்டத்தைப் பற்றியும் அறிந்திருத்தல் நலம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என அதன் 10ஆம் பிரிவு கூறுகிறது. தவறும் பெற்றோருக்குத் தண்டனை எதையும் அச்சட்டம் விதிக்கவில்லை. வீட்டுக்கல்வி இந்த இடைவெளியில்தான் நடைபெறுகிறது. எனவே கல்வி உண்மையாகவே நடக்கிறது என்பதற்கான பதிவுகளைக் குடும்பம் வைத்திருக்க வேண்டும்.

ஆயிரம் மணி நேரம்

அதே சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலைநாட்களும் 1,000 கற்பித்தல் மணி நேரமும் குறிப்பிடுகிறது. பள்ளிகளுக்காக வகுக்கப்பட்ட இந்த அளவு, வீட்டுக்கும் நல்ல வரவுசெலவுத் திட்டமாக அமையும். வாரத்துக்கு ஐந்து நாட்கள் வீதம் 44 வாரங்கள் என்றால் 220 நாட்கள். நாளொன்றுக்கு நான்கரை மணி நேரம் போதும். பண்டிகை, பயணம், காய்ச்சல் ஆகியவற்றுக்கு எட்டு வாரங்கள் எஞ்சும்.

இந்த ஆயிரத்தை இவ்வாறு பிரிக்கலாம். கணிதம் 200, அறிவியல் 200, ஆங்கிலம் 150, தமிழ் 120, சமூகவியல் 120, தெலுங்கு 80, உடற்பயிற்சி 80, பணமும் கைத்தொழிலும் 50. பிள்ளையின் தேவைக்கேற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கூட்டுத்தொகை ஆயிரத்தைத் தாண்டலாகாது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தே ஆகவேண்டும்.

கணிதத்தில் ஒன்பதாம் வகுப்பு நூலை முன்கூட்டியே திறப்பதைவிடப் பழைய நிலுவையைத் தீர்ப்பது பயன்தரும். பின்னங்கள், விகிதம், குறை எண்கள், விழுக்காடு ஆகிய நான்கும் உறுதியாக இருந்தால் இயற்கணிதம் அச்சுறுத்தாது. முதல் ஆறு வாரங்களை ஐந்து, ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்குகளில் விடுபட்டவற்றுக்கென ஒதுக்கலாம். என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

தமிழைப் பொறுத்தவரை, 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் வெளிமாநிலத்தில் வாழும் பிள்ளைகளுக்குத் துணையாகும். வாரத்தில் ஒரு நாள் ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்குக் கைப்படக் கடிதம் எழுதச் சொல்லலாம். படிப்பவர் ஒருவர் உண்டு என்று தெரிந்தால் எழுத்து தானே திருந்தும். தெலுங்கைத் தெருவில் பேசிப் பழகிய பிள்ளைக்கு அதன் எழுத்தைக் கற்பிக்க ஆண்டுக்கு 80 மணி நேரம் தாராளம்.

நாச்சாரமே ஆய்வுக்கூடம்

வீட்டுக்கல்வியில் எளிதாக நலிந்துபோகும் பாடம் அறிவியல். படித்து ஒப்பிக்கலாம், ஆனால் செய்து பார்க்க இடமிராது. திறந்தநிலைப் பள்ளியின் அறிவியல் பாடத்திலும் செய்முறைத் தேர்வு உண்டு என்பதை மறக்கலாகாது. இந்தக் குறையை நிரப்ப நாச்சாரத்துக்கு அமைந்த வசதி வேறு பல ஊர்களுக்கு இல்லை. தேசியப் புவியியற்பியல் ஆய்வு நிறுவனம், இந்திய வேதித் தொழில்நுட்ப நிறுவனம், உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் ஆகிய மூன்றும் ஹப்சிகூடா, தார்நாகா பக்கம் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ளன. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள் ஆகியவற்றையொட்டி இத்தகைய ஆய்வகங்கள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுவது வழக்கம். அறிவிப்பைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளலாம்.

ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பல பாடங்களையும் அதில் இணைப்பது வீட்டில்தான் எளிது. மூசி ஆற்றை எடுத்துக்கொள்வோம். 1908 செப்டம்பரில் அதன் பெருவெள்ளம் நகரத்தை அழித்தது. அதன்பின் பொறியாளர் விசுவேசுவரய்யாவின் ஆலோசனைப்படி வெள்ளத்தடுப்புப் பணிகள் திட்டமிடப்பட்டன. உஸ்மான் சாகர் 1920இலும் ஹிமாயத் சாகர் 1927இலும் கட்டி முடிக்கப்பட்டன. வெள்ளம் எப்படி வந்தது என்பது வரலாறு. ஏரி எங்கே அமைய வேண்டும் என்பது நிலவியல். எவ்வளவு நீரைத் தேக்கும் என்பது கணிதம். ஆற்றின் இன்றைய நிலை அறிவியல். இவற்றைத் தொகுத்து நான்கு பக்கம் எழுதுவது மொழிப்பயிற்சி. மூன்று வாரங்களில் முடியும் இந்த ஒரு வேலை, ஐந்து பாடங்களிலும் பிள்ளையின் நிலையைக் காட்டிவிடும்.

வரவும் செலவும்

வீட்டுக்கல்வி செலவு குறைந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. புத்தகம், எழுதுபொருள், பயணம், பயிற்சி வகுப்பு ஆகியவற்றை மட்டும் கூட்டினால் அது உண்மையாகத் தோன்றலாம். பெரிய செலவு வேறிடத்தில் உள்ளது. பெற்றோரில் ஒருவர் மாதம் 25,000 ரூபாய் ஊதியமுள்ள வேலையை விட்டால், ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வருமானம் நிற்கும். அதோடு வருங்கால வைப்புநிதிச் சேர்க்கையும், நிறுவனம் அளித்துவந்த மருத்துவக் காப்பீடும் நின்றுபோகும். வேலையை விடுமுன் குடும்பத்துக்குத் தனி மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொள்வது அவசியம். முடிந்தால் இருவரும் பணிநேரத்தை மாற்றி அமைத்துக் கற்பித்தலைப் பகிர்ந்துகொள்ளலாம். நான்கரை மணி நேரத்துக்கு ஒருவர் முழுநாளும் வீட்டிலிருக்க வேண்டியதில்லை.

வரிச்சலுகையிலும் கவனம் தேவை. பழைய வரிமுறையில் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கு 1.5 லட்சம் ரூபாய் வரம்புக்குள் கழிவு கிடைக்கும். அது பள்ளி, கல்லூரி போன்ற நிறுவனங்களில் முழுநேரக் கல்விக்காகச் செலுத்தும் கட்டணத்துக்கு மட்டுமே. தனிப்பயிற்சிக் கட்டணத்துக்கு அது பொருந்தாது.

அடுத்த ஆண்டின் செலவுக்கு இந்த ஆண்டே சேமிக்கத் தொடங்கலாம். மாதம் 5,000 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்பு தொடங்கினால், முதிர்வின்போது 60,000 ரூபாயும் வட்டியும் கையிலிருக்கும். பள்ளிச் சேர்க்கையோ தேர்வுக் கட்டணமோ திடீரென வந்தால் கடன் வாங்க நேராது.

பிள்ளைக்கும் ஒரு கணக்கு வேண்டும். பத்து வயது நிரம்பியவர்கள் சேமிப்புக் கணக்கைத் தாமே தொடங்கி இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் அறிவுறுத்தியுள்ளது. வரம்பும் நிபந்தனையும் அந்தந்த வங்கியைப் பொறுத்தவை. எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டிப் பாடம் வரும்போது இது கைகொடுக்கும். 10,000 ரூபாய்க்கு 6 விழுக்காட்டில் மூன்றாண்டுத் தனிவட்டி சேர்ந்தால் 11,800 ரூபாய். ஆண்டுதோறும் கூட்டினால் 11,910. காலாண்டுதோறும் கூட்டினால் 11,956. இந்த மூன்று எண்களையும் பிள்ளை தானே கணக்கிட்டுக் கண்டால், அந்தப் பாடம் மறக்காது.

பதிவேடும் பேச்சும்

ஓர் உறை, ஒரு குறிப்பேடு, இரண்டும் போதும். குறிப்பேட்டில் நாள்தோறும் தேதி, பாடம், செலவான நேரம் ஆகிய மூன்றை மட்டும் எழுதலாம். உறையில் மாதந்தோறும் பிள்ளையின் சிறந்த எழுத்து ஒன்று, கணக்குத் தாள் ஒன்று, செய்முறைக் குறிப்பு ஒன்று ஆகியவற்றைச் சேர்க்கலாம். ஒன்பதாம் வகுப்புச் சேர்க்கையின்போது தலைமையாசிரியர் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்கு இந்த உறை பதில் சொல்லும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கற்பித்த பெற்றோரல்லாத வேறொருவர் தேர்வு வைத்துத் திருத்துவது நல்லது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அக்கம்பக்கத்தில் கிடைப்பது அரிதன்று.

இவை அனைத்துக்கும் முன்னால் பிள்ளையிடம் பேச வேண்டும். பதின்மூன்று வயதில் நண்பர் வட்டம் பெரிய சொத்து. அதை இழப்பதாகப் பிள்ளை நினைத்தால், எவ்வளவு நல்ல அட்டவணையும் வீட்டுச் சண்டையில் முடியும். மாலை விளையாட்டு, இசை வகுப்பு, நூலகம் என வாரத்தில் மூன்று நாட்களாவது ஒத்த வயதினரோடு பழகும் ஏற்பாடு திட்டத்தில் இடம்பெற வேண்டும். டிசம்பர் மாதத்தில் குடும்பமே அமர்ந்து, தொடர்வதா, பள்ளிக்குத் திரும்புவதா என்று பேசலாம். அப்போது பிள்ளையின் சொல்லுக்கும் ஒரு வாக்கு உண்டு என்பதை ஜூன் மாதத்திலேயே சொல்லிவிட வேண்டும். திரும்பிச் செல்வதாக முடிவானால் சேர்க்கை விண்ணப்பங்களுக்கு அதுவே ஏற்ற நேரம்.

தொடக்கத்தில் வாரத் திட்டத்தைப் பெற்றோர் எழுதட்டும். அரையாண்டுக்குப் பின் பிள்ளையும் சேர்ந்து எழுதட்டும். கடைசி இரண்டு மாதங்களில் பிள்ளை தனியே எழுதி, பெற்றோர் பார்த்துக் கையொப்பமிடட்டும். தன் வாரத்தைத் தானே திட்டமிடக் கற்ற பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் அமர்ந்தாலும், திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்தாலும் நன்றாகவே படிக்கும்.