ஒரு செங்கல், இரண்டு ஊர்

ராஜபாளையத்தில் எங்கள் தாத்தா வீட்டுப் பின்சுவரிலிருந்து விழுந்த செங்கல் ஒன்று இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. இன்றைய சூளைக் கல்லைவிட ரொம்பத் தட்டை. ஒரு பக்கம் மாவு மாதிரி உதிர்கிறது, துடைக்கத் துடைக்கச் செம்மண் தூள். இன்னொரு பக்கம் நேற்றுச் சூளையிலிருந்து எடுத்தது போலச் சிவப்பாக, கெட்டியாக இருக்கிறது. ஒரே கல்லுக்கு எப்படி இரண்டு வயது வந்தது? இந்தக் கேள்வியைத் தொடரப் போய்த்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தையும், சம்பந்தமே இல்லாத ஒரு ஜெர்மன் ஊரையும் சேர்த்து யோசிக்க வேண்டி வந்தது.

அந்த ஊர் லூபெக். சில வருடங்களுக்கு முன்பு வேலை விஷயமாக ஹாம்பர்க் போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் ரயில் ஏறினேன். முக்கால் மணி நேரப் பயணம். ஸ்டேஷனை விட்டு நடந்தால் முதலில் கண்ணில் படுவது ஹோல்ஸ்டென்டோர் என்கிற கோட்டை வாசல். இரண்டு பருத்த உருண்டைக் கோபுரங்கள், தலையில் கூம்புத் தொப்பி, நடுவில் வளைவு. 1464-க்கும் 1478-க்கும் இடையில் கட்டியது. முழுக்கச் செங்கல். ஊருக்குள் போனால் புனித மரியாள் தேவாலயமும் செங்கல்தான். அதன் இரட்டைக் கோபுரங்கள் 125 மீட்டர் உயரம். உள்ளே தலைக்கு மேலே 38.5 மீட்டரில் செங்கல்லாலேயே வளைத்த கூரை. செங்கல் வளைவுக் கூரைகளில் உலகத்திலேயே உயரமானது இதுதான் என்கிறார்கள்.

கல்லில் கட்டாமல் ஏன் செங்கல்? அந்தச் சமவெளியில் கட்டடக் கல் கிடையாது. பனியாறுகள் உருட்டிக்கொண்டு வந்து போட்ட பாறைகள் அங்கங்கே உண்டு, அவ்வளவுதான். களிமண் ஏராளம். அதனால் சுட்டார்கள், அடுக்கினார்கள். பால்டிக் கடலோரம் முழுக்கவே, ரீகா வரைக்கும், இந்தச் செங்கல் ஊர்களைப் பார்க்கலாம்.

நம்ம கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உட்கார்ந்திருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கல்லுக்கா பஞ்சம்? ஆனாலும் வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தில், 192 அடி உயரத்தில், கருங்கல் அடிப்பகுதியில் மட்டும்தான். அதற்கு மேலே எல்லாம் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சுதையும். காரணம் கனம். ஒரு கன மீட்டர் கருங்கல் ஏறத்தாழ 2.7 டன், செங்கல் கட்டு இரண்டு டன்னுக்கும் குறைவு. கீழே வாசலில் தேர்போல் கனத்த கல். மேலே போகப் போக ஒவ்வொரு நிலையும் சுருங்கி, உள்ளே கூடாக, நடுவில் காற்றும் வெளிச்சமும் நுழைய ஒரு திறப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் அசையாத மலை. உண்மையில் அது அடுக்கி வைத்த வெற்றுப் பெட்டிகள். அவர்களைச் செங்கல்லுக்குத் துரத்தியது இல்லாமை, நம்மைத் துரத்தியது பாரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதுரைக் கோபுரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கோபுரம் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். உருவங்கள் குறைவு. தூண், மாடம், கொடுங்கை என்று கட்டட வரிகள் மட்டுமே மேலே ஏறிக்கொண்டு போகும். எனக்கு அதனாலேயே பிடிக்கும். சின்ன வயதில் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போகும்போது, கோபுரம் முதலில் யார் கண்ணில் படுகிறது என்று பந்தயம் வைப்போம். ஜெயித்தவருக்குப் பால்கோவாவில் ஒரு பங்கு அதிகம்.

பால்கோவா என்றதும் ஞாபகம் வருகிறது. லூபெக்கிலும் ஊர்ப்பெயரோடு விற்கிற இனிப்பு ஒன்று உண்டு. பாதாம் பருப்பும் சர்க்கரையும் அரைத்துச் செய்யும் மார்சிபான். ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு ஊரிலும் கோபுரம் பார்க்க வருகிறவர்கள் கையில் ஒரு டப்பா இல்லாமல் திரும்புவதில்லை.

சின்னம் என்கிற விஷயத்திலும் இரண்டும் ஒன்றுதான். ஹோல்ஸ்டென்டோர் பழைய 50 மார்க் நோட்டில் இருந்தது. 2006-ல் இரண்டு யூரோ நாணயத்திலும் வந்தது. நம்ம கோபுரம் அரசு முத்திரையில். ஆர். கிருஷ்ணராவ் 1949-ல் வரைந்த முத்திரை அது. ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா சென்னை மாகாண முதல்வரானதும் அந்த ஆண்டில்தான். முத்திரையில் இருப்பது மதுரை மேற்குக் கோபுரம்தான் என்று வாதிடும் கட்சி ஒன்று உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகப்போவதில்லை. எங்கள் பக்கத்து டீக்கடையில் அது எப்போதோ முடிந்துபோன வழக்கு.

ஆனால் லூபெக்கில் நான் கேட்டு அசந்துபோனது வேறு விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வாசல் பாழடைந்து, தெற்குக் கோபுரம் சதுப்பு நிலத்தில் இறங்கிச் சாய்ந்து நின்றது. இடித்துத் தள்ளலாம் என்று ஊரில் பலர் சொன்னார்கள். 1863-ல் ஊர் மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பழுதுபார்ப்பது என்று முடிவானது. பிறகு நோட்டில் ஏறிய கட்டடம் அது! இன்றைக்கும் சாய்ந்துதான் நிற்கிறது.

மரியாள் தேவாலயத்தின் தெற்குக் கோபுர அடியில் வேறொன்றைப் பார்த்தேன். 1942 மார்ச் 28 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டதில் கோபுரம் தீப்பிடித்து, மணிகள் அறுந்து விழுந்தன. விழுந்த இடத்திலேயே, உடைந்தபடியே, தரையில் பாதி புதைந்த அந்த மணிகளை இன்னும் விட்டுவைத்திருக்கிறார்கள். சுற்றியிருக்கிற எல்லாவற்றையும் திரும்பக் கட்டிவிட்டார்கள், இவற்றை மட்டும் தொடவில்லை.

அங்கே நின்றபோது ஞாபகம் வந்தது திருமலை நாயக்கர் மணி மண்டபங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த பிறகுதான் அவர் மதுரையில் சாப்பிடுவாராம். பூஜை முடிந்ததும் இங்கே மணி அடிக்க, அது கேட்டு அடுத்த மண்டபத்தில் அடிக்க, இப்படியே மதுரை வரை. (இதே மாதிரிக் கதை திருச்செந்தூருக்கும் கட்டபொம்மனுக்கும் சொல்லப்படுகிறது.) நடக்கக்கூடியதுதானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். தூரம் சுமார் 75 கிலோமீட்டர். ஒலியின் வேகத்துக்கு மட்டும் மூணே முக்கால் நிமிடம். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்றால் ஏறக்குறைய 38 மண்டபம். ஒவ்வொருவரும் கேட்டு, எழுந்து, அடிக்க ஐந்து விநாடி. மொத்தம் ஏழு நிமிடத்துக்குள் மன்னர் கை கழுவ உட்காரலாம். யாரும் தூங்காமல் இருந்தால்!

சரி, செங்கல்லுக்கு வருவோம்.

தாத்தா வீடு காரை வீடு. சுண்ணாம்புச் சாந்தில் கட்டி, சுண்ணாம்புப் பூச்சு பூசி, மேலே தேக்குக் கட்டைகளின்மேல் செங்கல் அடுக்கிய மட்டப்பா. இருபது வருடங்களுக்கு முன்பு பின்சுவரில் ஓதம் ஏறியது. கான்ட்ராக்டர் ஒருவர் வந்து பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்ட் பூசினார். "இனி அம்பது வருஷத்துக்குக் கவலையில்ல" என்றார். ஆறாவது வருடம் பூச்சு உப்பியது. இப்போது தட்டினால் டொக் டொக்கென்று காலிச் சத்தம். அதற்குப் பின்னால் கல் மாவாகிவிட்டது.

ஏன் என்பது சுண்ணாம்பின் குணத்தில் இருக்கிறது. சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் சுட்டு, நீர் ஊற்றித் தாளித்து, மணலோடு அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்துத் திரும்பவும் கல்லாகிறது. வருடக்கணக்கில் நடக்கிற வேலை இது. ஆனால் அது நுண்துளை உள்ள கல். அடியிலிருந்து ஏறுகிற ஈரம் அதன் வழியாக வெளியே வந்து உலர்ந்துவிடும். சின்ன விரிசல் விழுந்தால் மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அதில் படிந்து அடைத்துக்கொள்ளும். கடுக்காய், கருப்பட்டி எல்லாம் சேர்த்து நம் கொத்தனார்கள் இதற்கு இன்னும் கெட்டித்தன்மை கொடுத்தார்கள். சிமெண்ட் பூச்சு கெட்டியானது, மூச்சு விடாது. ஈரம் வெளியே போக வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே தங்கும். கூட வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகும்போது செங்கல்லின் முகத்தை உடைக்கும். என் மேசைக் கல்லின் இரண்டு வயது இதுதான்: உதிர்கிற பக்கம் சிமெண்டைப் பார்த்து இருந்தது, நல்ல பக்கம் சுண்ணாம்பைப் பார்த்து. சிமெண்ட்மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. பெரிய சிமெண்ட் கம்பெனி ஒன்று பிறந்த ஊர்க்காரன் அப்படிப் பேசவும் முடியாது. புதுக் கட்டடத்துக்கு அது நல்லது, பழைய சுவருக்குத்தான் ஆகாது.

கோபுரங்களுக்கும் இதே நோய் வரும், ஆபத்து பல மடங்கு. காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-ல் கட்டிய ராஜகோபுரம், விரிசல் விட்டு நின்று, 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. அன்று டிவியில் அதைப் பார்த்துவிட்டு அம்மா, "நம்ம கோபுரம் நல்லா இருக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டும்போது எல்லோரும் வண்ணத்தைப் பற்றிப் பேசுகிறோம். அடியில் போகிற சாந்து என்ன என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

போன மாதம் வீட்டைப் பற்றிப் பேச நான்கு பங்காளிகளும் உட்கார்ந்தார்கள்: அம்மா, இரண்டு மாமா, சித்தி. பெரிய மாமா, "இடிச்சிட்டு மூணு மாடி ஏத்திருவோம், வாடகை வரும்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தத் தெருவில் அநேகமாக எல்லோரும் அதைத்தான் செய்திருக்கிறார்கள். சின்ன மாமாவும் அவர் பக்கம். அம்மா கூடாது என்றாள். சித்தி மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள். நான் லூபெக் கதையைச் சொன்னேன். பெரிய மாமா சிரித்துவிட்டு, "நம்ம வீட்டை எந்த நோட்டுலடா போடப்போறான்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் சித்திதான் பேசினாள். "பின்கட்டு போயிருச்சு, அதை எடுங்கண்ணே. திண்ணையும் முன்கட்டும் இருக்கட்டும். அப்பா அங்கதான் உக்காருவாரு."

அப்படியே ஆனது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். எழுபதைத் தாண்டியவர். வந்ததும் முன்கட்டுச் சுவரில் காதை வைத்து, விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். கொல்லையில் குழி வெட்டச் சொன்னார். இப்போது அதில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது. தை பிறந்தபின் தான் பூச்சு என்று சொல்லியிருக்கிறார், அதற்கு முன்னால் தொடக்கூடாதாம். பின்கட்டில் தேறிய செங்கல்லை எல்லாம் சாந்து சுரண்டி, வாசலில் அடுக்கி வைத்திருக்கிறோம். சின்ன மாமா எண்ணிப் பார்த்தார்: இரண்டாயிரத்துச் சொச்சம்.