செலவின்றிக் காணும் திருகோணமலை

தீவுகளுக்குச் செல்லும் பயணிகளிடம் பணப்பை பருத்திருக்க வேண்டும் என்றொரு எண்ணம் உலகெங்கும் உண்டு. கடற்கரை விடுதி, வாடகைப் படகு, வழிகாட்டிக்குக் கூலி என்று நாளொன்றுக்கு நூறு செலவுகள் எழும் இடங்கள் பல இருக்கத்தான் செய்கின்றன. ஆயின் இலங்கையின் கீழ்க்கரையில் உள்ள திருகோணமலை இதற்கு விலக்கான ஊர். இங்குள்ள காட்சிகளுள் தலையாயவை பெரும்பாலும் நுழைவுச்சீட்டுக் கேளாதவை. காலையில் இரயிலை விட்டிறங்கும் ஒருவர், நடப்பதற்குக் காலும் பார்ப்பதற்குக் கண்ணும் உடையவராயின், இரண்டு நாட்களை இங்கு நிறைவாகக் கழிக்கலாம்.

முதலில் இத்துறைமுகத்தின் அருமையை அறிந்துகொள்ளல் வேண்டும். இல்லையேல் இவ்வூரிற் காணும் கோட்டையும் கல்லறையும் பொருளற்ற கற்குவியல்களாகவே தோன்றும். வங்கக் கடலின் மேற்கு விளிம்பில், சென்னை முதலாகத் தெற்கே நீளும் சோழமண்டலக் கரையில், பாய்க்கப்பல்கள் ஒதுங்குவதற்கு நல்ல இயற்கைத் துறை இல்லை. ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால், திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்ற கப்பல்கள் கரையில் மோதிச் சிதறும். ஆதலால் அக்காலத்தில் போர்க்கப்பல்கள் அக்கரையை விட்டகன்று வேறு புகலிடம் தேட வேண்டியிருந்தது. அந்தப் பருவத்திலும் அலையடங்கிக் கிடப்பது திருகோணமலையின் உட்துறைமுகம். குன்றுகள் சூழ்ந்து, வாயில் குறுகி, உள்ளே நீர் ஆழ்ந்து விளங்கும் இத்துறையை உடையவரே வங்கக் கடலை ஆள்வர் என்று ஐரோப்பிய வல்லரசுகள் கருதியதில் வியப்பில்லை. 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே இவ்வூர் இரண்டு முறை கைமாறிற்று. தை மாதத்தில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பறித்தனர். ஆவணியில் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரேன் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் இக்கரைக்கு அப்பால் நிகழ்ந்த கடற்போரின் நினைவாகப் பெயரிடப்பெற்று, பம்பாயில் தேக்கு மரத்தாற் கட்டப்பெற்று 1817இல் நீரில் இறக்கப்பட்ட 'திருகோணமலை' என்னும் போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஆட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. அதைக் காண்பதற்குச் சீட்டு வாங்க வேண்டும். அது பெயர் பெற்ற கடலைக் காண்பதற்கு வேண்டியதில்லை.

நகரின் வடகிழக்கில் கடலுக்குள் நீண்டு செல்லும் கன்மலையே சுவாமிமலை. அதன் கழுத்தில் பிரெடரிக் கோட்டை. அதன் முடியில் கோணேசர் கோயில். கோட்டைக்குள் இன்றும் இராணுவத்தினர் இருப்பினும் வாயில் வழியே யாவரும் கட்டணமின்றிச் செல்லலாம். வாயிலில் சற்று நின்று நிலைக்கற்களைப் பார்த்தல் நன்று. இணைக்கயல் பொறித்த கல்லும் பழந்தமிழ் எழுத்துடைய கல்லும் அங்கே உள்ளன. இவை கோட்டைக்கென வெட்டிய கற்கள் அல்ல. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் அதனை ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795 முதல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயர் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது.

கோயில் மறைந்தும் வழிபாடு மறையவில்லை. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அடியார்கள் வெறும் பாறை முனையில் நின்று, கற்பூரம் ஏற்றி, மலரைக் கடலில் இட்டு வணங்கி வந்தனர். 1950இல் நகரில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய வெண்கலத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1956இல் எழுத்தாளர் ஆதர் கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் மலையடியில் மூழ்கிப் பார்த்து, செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியிற் கிடப்பதைக் கண்டனர். 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இன்று அங்குக் காணும் கட்டடம் பழமையானதன்று. ஆனால் பாறை பழையது, கடலும் பழையது. கோயிலின் பின்புறம் சென்று, மலையைப் பிளந்தது போன்ற 'இராவணன் வெட்டு' என்னும் பிளவை எட்டிப் பார்ப்போர்க்கு உடல் சிலிர்க்கும். ஏறத்தாழ 350 அடிக்குக் கீழே நீலநீர் நுரைத்துச் சுழல்கிறது. அருகில் ஒரு தூண் நிற்கிறது. காதலனின் கப்பல் செல்வதைக் கண்டு பிரான்சினா என்ற ஒல்லாந்த மங்கை 1687இல் இங்கிருந்து பாய்ந்தாள் என்பது ஊர்க்கதை. அவள் பின்னரும் வாழ்ந்து மணம் புரிந்தாள் என்று ஒல்லாந்தர் ஏடுகள் காட்டுவதாக ஆய்ந்தோர் கூறுவர். கதை சொல்வோர் அதைக் கேட்க விரும்புவதில்லை.

இம்மலைமுனையில் நிற்போர் கோயிலைப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிடுதல் கூடாது. பங்குனி முதல் ஆடி ஆவணி வரை, சோளகப் பருவத்தில், கீழ்க்கடல் அடங்கிக் கிடக்கும். அக்காலத்தில் பொறுமையோடு தொடுவானை நோக்கி இருப்போர்க்கு, நீர்ப்பரப்பில் திடீரென வெண்புகை போல ஒன்று எழுந்து மறைவது தென்படலாம். அது திமிங்கலத்தின் மூச்சு. நீலத்திமிங்கலம் விடும் மூச்சு முப்பதடி உயரம் எழும். உலகின் மிகப் பெரிய உயிரினத்தைக் கரையில் நின்று காணக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

இங்கு மட்டும் அவை கரையை அண்டி வருவதன் காரணம் கடலடியில் உள்ளது. மகாவலி கங்கை கடலோடு கலக்கும் கொட்டியாரக் குடாவிலிருந்து, நீருக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கிக் கிழக்கே இறங்கிச் செல்கிறது. அதன் ஆழம் பத்தாயிரம் அடிக்கும் மேற்பட்டது. மற்றக் கரைகளில் பல மைல் தொலைவு சென்றாலன்றிக் கிட்டாத ஆழ்கடல், இங்கே துறைமுக வாயிலிலேயே வந்து நிற்கிறது. ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரின் ஊட்டத்தால் சிற்றிறால் போன்ற நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ண நீலத்திமிங்கலம் வருகிறது. ஆழ்கடற் கணவாயைத் தேடி எண்ணெய்த்திமிங்கலம் வருகிறது. மற்றப் பெருங்கடல்களின் நீலத்திமிங்கலங்கள் துருவத்துக் குளிர்க்கடல்வரை ஆண்டுதோறும் சென்று மீள, வட இந்தியப் பெருங்கடலில் வாழ்பவை இவ்வெப்பக் கடலை விட்டு அத்துணைத் தொலைவு செல்வதில்லை. காலையில் கதிரவன் எதிரே நிற்பதால் கண் கூசும்; பிற்பகலில் முதுகுப்புறம் சாய்ந்தபின் பார்ப்பதே எளிது. தொலைநோக்கி ஒன்று இருப்பின் மிக நன்று. படகேறித் திமிங்கலத்தைத் துரத்திச் செல்வதினும் இவ்வாறு காண்பது அவ்வுயிர்க்கும் அமைதி.

மலையிலிருந்து இறங்கும் வழியில் கோட்டைக்குள் புள்ளிமான்கள் கூட்டமாக மேய்வதைக் காணலாம். நகரத் தெருவிலும் கடற்கரையிலும்கூட அவை அச்சமின்றி உலாவும். வந்தவர்கள் அன்பு மிகுதியால் தின்பண்டம் நீட்டுகின்றனர். உறையையும் அங்கேயே எறிந்து செல்கின்றனர். பொலித்தீன் உறையை விழுங்கிய மான் அதைச் செரிக்கவும் மாட்டாது, வெளியேற்றவும் மாட்டாது. வயிறு நிறைந்திருக்கப் பட்டினியால் மடியும். மான்கள் இவ்வாறு இறந்த செய்தி பலமுறை வந்துள்ளது. பார்த்து மகிழ்ந்து கைவீசிப் போவதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

கரைவலை இழுப்பது இவ்வூர்க் காட்சிகளுள் இன்னொன்று. விடியற்காலையில் தோணியிலேற்றிச் சென்ற வலையை அரைவட்டமாகக் கடலில் வளைத்து, இரு கயிற்று நுனிகளையும் கரைக்குக் கொணர்ந்து, இருபுறமும் ஆட்கள் அணிவகுத்து இழுப்பர். இழுக்க இழுக்க இரண்டு அணிகளும் ஒன்றையொன்று நெருங்கும். முற்காலத்தில் இதற்கென அம்பாப் பாட்டு உண்டு. இன்று அது அருகிவிட்டது. இறுதியில் வலையின் மடி கரையேறும்போது சூடையும் கீரியும் நெத்தலியும் வெள்ளிக்காசு போலத் துள்ளும். சம்மாட்டியின் பங்கு, இழுத்தவர் பங்கு என்று அங்கேயே கணக்கு நடக்கும். சில நாட்களில் மடி முழுதும் பாசியாகவே வருவதும் உண்டு. பார்ப்பவர்க்குக் கட்டணமில்லை, இழுப்பவர்க்கோ அது அன்றைய சோறு. இதை மனத்திற் கொண்டு, கயிற்றுக்குக் குறுக்கே நின்று படம் பிடிக்காதிருத்தல் வேண்டும்.

ஒல்லாந்தக் குடாவை ஒட்டிய பழைய கல்லறைத் தோட்டத்தில் ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ள்ஸ் துயில்கிறார். கடற்படைத் தளபதியான அவர் 1852இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் நோயுற்று இறந்தார். நிலாவெளி வீதியில் உப்புவெளிக்கருகே உள்ள போர்க்கல்லறை இதனினும் மனத்தைத் தொடுவது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கின. அன்றே இங்கிருந்து வெளியேறிய 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. கல்லறைக் கற்களில் உள்ள வயதைப் படித்துக்கொண்டே நடப்போர் விரைவில் பேச்சை நிறுத்திவிடுவர்.

கட்டணமுள்ள இடங்களையும் குறிப்பிடல் முறை. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குச் சீட்டு உண்டு. அங்கு எரிமலை எதுவும் இல்லை. நிலத்தின் ஆழத்துக்கு இறங்கிச் சூடேறிய நீரே மேலெழுகிறது. நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்கா ஆயிற்று. படகுக்கும் நுழைவுக்கும் பணம் வேண்டும். அங்குள்ள பவளப்பாறை மிதிபட்டுச் சிதைந்து வருவதால், போகாதிருப்போரும் அதற்கு ஓர் உபகாரம் செய்தவரே. நிலாவெளி மணலும் உப்புவெளி மணலும் யாவர்க்கும் பொது. ஆனால் வாடைக்காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, அக்கடலில் இறங்குதல் ஆகாது.

இக்கரைகள் இவ்வளவு எளிதாக எட்டும் நிலை அண்மையில் வந்ததே. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் கோயிலுக்குச் செல்வோரும் சோதனைச் சாவடிகளைக் கடந்தே சென்றனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோரக் குடிகளை அள்ளிச் சென்றது. கொட்டியாரக் குடாவின் தென்கரைக்குப் போக ஓடத்துறைகளில் காத்திருந்த காலமும் போயிற்று. 2009 அக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் நகரத்திலிருந்து மூதூருக்கு பஸ் வண்டியிலேயே சென்று வரலாம். அங்கே ஒரு நினைவுக்கல் உள்ளது. 1659இல் புயலிற் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், அதே வாடைக்காற்றுக்கு அஞ்சி இக்குடாவில் ஒதுங்கியது. மறு ஆண்டு அதன் தலைவரையும் அவர் மகன் றொபேட் நொக்ஸையும் கண்டி மன்னன் இராசசிங்கனின் ஆட்கள் இங்கிருந்து பிடித்துச் சென்றனர். தந்தை மலைநாட்டிலேயே இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து 1679இல் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். அவன் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் வெளிவந்தது. பிடிபட்டபோது அவர்கள் இருந்ததாகக் கூறப்படும் புளியமரம் இப்போது இல்லை. கல் மட்டும் உண்டு.