மூட்டு வலிக்கு லேசர் ஒளிச் சிகிச்சை

நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று ஆண்டு முழுவதும் குனிந்து நிமிர்ந்து பாடுபடும் கிராம மக்களுக்கு முழங்கால் வலியும் கழுத்து வலியும் புதியன அல்ல. தைலம், ஒத்தடம், கடையில் வாங்கும் வலி மாத்திரை ஆகியவற்றோடு இக்காலத்தில் லேசர் ஒளிச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. தகுதி பெற்றோர் ஆஸ்பத்திரிகளில் அளிக்கும் சிகிச்சை ஒருபுறம் இருக்க, சமுதாயக் கூடத்தில் இலவச முகாம் நடத்த அனுமதி கேட்டு வரும் கருவி வியாபாரிகளும் இப்பெயரையே சொல்லுகின்றனர். மன்றம் இடம் கொடுத்துவிட்டால் அதுவே ஒரு நற்சான்றாக மக்களுக்குத் தோன்றிவிடுகிறது. ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்கள் இச்சிகிச்சையின் தன்மையை அறிந்திருத்தல் அவசியமாகும்.

லேசர் என்பது ஒரே நிறத்தோடு, சிதறாமல், ஒழுங்குபட்டுச் செல்லும் ஒளி. 1960ஆம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் தியோடர் மைமன் என்னும் விஞ்ஞானி கெம்புக் கல்லைக் கொண்டு இவ்வொளியை முதன்முதலாக உண்டாக்கினார். இரும்புத் தகட்டை அறுப்பது வலிமை மிகுந்த லேசர். நோவுக்குப் பயன்படுவதை அதன் தம்பி எனலாம். பெரும்பாலும் 500 மில்லிவாட்டுக்கு உட்பட்ட இவ்வொளி தோலை அறுப்பதுமில்லை, சுடுவதுமில்லை.

இதன் பயன் எதிர்பாராத வகையில் தெரியவந்தது. 1967ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் வைத்தியர், லேசர் ஒளியால் புற்றுநோய் உண்டாகுமா என்று அறிய, சுண்டெலிகளின் மயிரை மழித்து அவற்றின்மீது ஒளியைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை. ஆனால் ஒளிபட்ட எலிகளுக்கு மற்றவற்றைவிட விரைவில் மயிர் முளைத்தது! பின்னர் அவர் ஆறாத புண்களுக்கும் இம்முறையைக் கையாண்டார்.

ஒளி தசைக்குள் எவ்வாறு புகும் என்று ஐயம் எழலாம். இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் மறுபுறம் சிவப்பாகத் தெரிவதை நாம் பார்த்திருக்கிறோம். நீல, பச்சை ஒளிகளைத் தோலும் இரத்தமும் தடுத்துவிட, சிவப்பு மட்டும் ஊடுருவுகிறது. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர் இன்னும் ஆழத்துக்குச் செல்லும். உடலின் உயிரணுக்களில் சக்தியை உண்டாக்கும் நுண்ணிய உறுப்பு அக்கதிரை ஏற்று ஊக்கம் பெறுகிறது என்றும், அதனால் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குறைகின்றன என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அழற்சி என்பது அடிபட்ட இடத்தில் காணும் சூடு, சிவப்பு, வீக்கம், நோவு ஆகியவற்றின் தொகுதியே.

இச்சிகிச்சையில் முக்கியமானது அளவு. விசைப்பம்பு இறைக்கும் நீரின் அளவு, பம்பின் வேகத்தையும் அது ஓடிய நேரத்தையும் பொறுத்ததன்றோ? ஒளியின் அளவும் அத்தகையதே. 100 மில்லிவாட்டுக் கருவியை ஓரிடத்தில் 40 விநாடி வைத்தால் 4 ஜூல் சக்தி சேரும். முழங்கால் தேய்மானத்துக்கு, 780 முதல் 860 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள கதிராயின் ஒவ்வொரு புள்ளிக்கும் குறைந்தது 4 ஜூல் தரவேண்டுமென்று லேசர் சிகிச்சைக்கான உலகச் சங்கம் பரிந்துரைத்துள்ளது. நாள்தோறும் இரண்டு வாரமோ, ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு வாரமோ தொடரவேண்டும். குறைந்தால் பயன் இராது. மிகுந்தாலும் பயன் கெடும். யூரியா இட்டுப் பழகிய விவசாயிக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

பலன் எவ்வளவு? முழங்கால் தேய்மானம் பற்றிய 22 ஆராய்ச்சிகளை, அதாவது 1,063 நோயாளிகளின் விவரங்களை, ஒருங்கே ஆராய்ந்த கட்டுரை 2019இல் வெளிவந்தது. வலியை 100 புள்ளியாகக் கொண்டால், போலி ஒளி பெற்றவர்களைக் காட்டிலும் உண்மை ஒளி பெற்றவர்களுக்குச் சிகிச்சை முடிவில் சுமார் 14 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. பரிந்துரைத்த அளவில் பெற்றோருக்கு அது சுமார் 19 புள்ளி. கழுத்து வலியைப் பற்றி 820 பேரைக் கொண்டு 2009இல் வெளியான ஆய்வும் சாதகமாகவே இருந்தது. இடுப்பு வலியில் மட்டும் முடிவுகள் ஒன்றுபடவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையால் வாயில் உண்டாகும் புண்ணுக்கு இது உதவுவதை 2018இல் பிரிட்டனின் நைஸ் நிறுவனம் ஏற்றுக்கொண்டது.

ஆக, இது ஏமாற்று வித்தையன்று. வலியை அடியோடு நீக்கும் அற்புதமும் அன்று. தேய்ந்துபோன குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. தொடைத் தசையை வலுப்படுத்தும் தேகப்பயிற்சிக்கு இது துணையே தவிர மாற்றாகாது. மணிக்கட்டில் கட்டும் லேசர் கடிகாரம் சர்க்கரையையும் இரத்தக் கொதிப்பையும் போக்கும் என்று விற்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். அதனை நம்பி மாத்திரையை நிறுத்துவோர் உயிருக்கே உலை வைத்துக்கொள்கின்றனர்.

கண்ணுக்கு நேரும் அபாயம் தனியே குறிப்பிடத்தக்கது. அகச்சிவப்புக் கதிர் தெரியாதாகையால் இமை தானாக மூடிக்கொள்ளாது, விழித்திரை கெடும். சிகிச்சை அளிப்பவரும் பெறுபவரும் அதற்கென்று செய்த கண்ணாடி அணியவேண்டும். புற்றுக் கட்டியின் மீதும், கருவுற்ற பெண்ணின் வயிற்றிலும் இவ்வொளியைச் செலுத்தலாகாது. காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலோ, இடுப்பு வலியோடு கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்பாடு குலைந்தாலோ, லேசருக்காகக் காத்திராமல் அன்றே டாக்டரிடம் செல்லவேண்டும்.

முகாம் நடத்தும் அனுமதி விண்ணப்பம் மன்றத்தின்முன் வருமானால், சிகிச்சை அளிப்பவரின் தகுதியையும் பதிவு எண்ணையும், கருவியின் அலைநீளத்தையும் மில்லிவாட்டையும் எழுத்து மூலம் கேட்டுப் பெறலாம். 2020 ஏப்ரல் 1 முதல் மருத்துவக் கருவிகள் யாவும் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் வந்துள்ளன. ஆதலின் கருவிக்குரிய உரிம விவரத்தைக் கேட்பதும் முறையே. விவரம் தரத் தயங்குபவருக்குக் கூடத்தின் சாவியைக் கொடுக்கவேண்டியதில்லை. வலியுள்ளவர்கள் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, டாக்டரின் யோசனைப்படி அரசு ஆஸ்பத்திரியின் இயன்முறைச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லலாம். நடமாட இயலாத முதியோரை நாடி வீட்டுக்கே சென்று இயன்முறைச் சிகிச்சை தருவதும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சேர்க்கப்பட்டது.