யூனிட் ஒன்று, விலை இரண்டு

காலை 9.17. சந்தை திறந்து இரண்டே நிமிடம். ஒரு கையில் காபி டம்ளர், மறு கையில் செல்போன். ஒரே துறையின் பங்குகளைக் கொண்ட ஒரு சின்ன இடிஎஃப்பில் 300 யூனிட் வாங்க ‘மார்க்கெட் ஆர்டர்’ தட்டிவிட்டேன். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் செலவு விகித ஆராய்ச்சியிலேயே போயிருந்தது. ஒரு நிறுவனம் வருடத்துக்கு 0.15 சதவீதம் எடுக்கிறது, இன்னொன்று 0.10 தான் எடுக்கிறது. 0.05 மிச்சம் என்று பூரித்துப்போய்ப் பின்னதைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

ஆர்டர் நிறைவேறியதும் திரையில் சராசரி விலை தெரிந்தது: 43.54 ரூபாய். அந்த நேரத்தில் ஒரு யூனிட்டுக்குள் இருந்த பங்குகளின் மதிப்போ 42.10 தான். நடந்தது இதுதான். 42.20-க்கு விற்க நின்றவரிடம் 40 யூனிட்தான் இருந்தது. அடுத்தவர் 42.90-க்கு 60 வைத்திருந்தார். மீதி 200 யூனிட்டும் 44 ரூபாய் போட்டுக் காத்திருந்த ஒரு புண்ணியவானிடமிருந்து வந்தது. ‘என்ன விலையானாலும் சரி, கொடு’ என்பதுதான் மார்க்கெட் ஆர்டரின் பொருள். கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் சரக்கைவிட 3.4 சதவீதம் கூடுதல், மொத்தம் 432 ரூபாய். வருடத்துக்கு 0.05 சதவீதம் மிச்சம் பிடித்து இதை ஈடுகட்ட 68 வருடம் ஆகும்.

இடிஎஃப் என்பது பங்குச்சந்தையில் பங்கைப் போலவே வாங்கி விற்கக்கூடிய பரஸ்பர நிதி. நிஃப்டி 50 என்ற குறியீட்டில் எந்தெந்தப் பங்கு எவ்வளவு எடையில் இருக்கிறதோ, அதே விகிதத்தில் ஒரு கூடை கட்டி, அதைச் சிறு யூனிட்டுகளாக்கிச் சந்தையில் விடுகிறார்கள். கனடாவில் டொரண்டோ சந்தையில் 1990-ல் தொடங்கிய விஷயம் இது. அமெரிக்காவில் 1993-ல் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை ஒட்டி வந்தது. இந்தியாவுக்கு 2001 டிசம்பரில் பெஞ்ச்மார்க் என்ற சிறிய நிறுவனம் நிஃப்டி பீஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் பிறகு கோல்ட்மேன் சாக்ஸ் கைக்குப் போய், அங்கிருந்து ரிலையன்ஸிடம் வந்து, இன்று நிப்பான் இந்தியா பெயரில் இருக்கிறது. கடையின் பெயர்ப்பலகை மூன்று முறை மாறியும் கூடையில் இருந்த பங்குகள் அப்படியே யூனிட்தாரர்களுக்காக இருந்தன. நிதி நிறுவனம் கைமாறினால் நம் பணம் என்னாகும் என்று பயப்படுபவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இடிஎஃப் தேர்வு என்றாலே செலவு விகிதத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மற்ற பரஸ்பர நிதிகளில் இல்லாத ஒரு வினோதம் இதில் உண்டு: ஒரே யூனிட்டுக்கு இரண்டு விலை. உள்ளே இருக்கும் சரக்கின் மதிப்பு ஒன்று, சந்தையில் அந்த நேரத்தில் போகும் விலை இன்னொன்று. முன்னதைப் பங்கு இடிஎஃப்களுக்குச் சில விநாடிகளுக்கு ஒருமுறை கணக்கிட்டு ‘ஐஎன்ஏவி’ என்ற பெயரில் நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் காட்டுகிறார்கள். பின்னது உங்கள் புரோக்கர் செயலியில் மின்னுவது. இரண்டும் ஒட்டிப் போகிறதா, விலகிப் போகிறதா என்பதில்தான் நல்ல இடிஎஃப்புக்கும் மோசமான இடிஎஃப்புக்கும் வித்தியாசம்.

ஒட்ட வைப்பது யார்? கோயம்பேட்டில் தக்காளி கிலோ 20 ரூபாய், தெருமுனையில் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடிவதற்குள் நாலு பேர் வண்டி எடுத்துக்கொண்டு கோயம்பேட்டுக்குப் போயிருப்பார்கள். இரண்டு நாளில் தெருமுனை விலை இறங்கிவிடும். இங்கே அந்த வண்டிக்காரர்களுக்கு ‘மார்க்கெட் மேக்கர்’ என்று பெயர். யூனிட் விலை சரக்கின் மதிப்பைவிட ஏறினால், இவர்கள் சந்தையில் பங்குகளை வாங்கி நிதி நிறுவனத்திடம் கொடுத்து, மொத்தமாகப் புது யூனிட்டுகள் பெற்று, அவற்றைச் சந்தையில் விற்பார்கள். விலை மதிப்புக்குக் கீழே போனால் இதையே தலைகீழாகச் செய்வார்கள். ஒவ்வொரு இடிஎஃப்புக்கும் குறைந்தது இரண்டு மார்க்கெட் மேக்கராவது இருக்க வேண்டும் என்பது சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. நாமே மொத்தக் கடைக்குப் போய் வாங்கலாமே என்றால், 25 கோடி ரூபாய்க்கு மேல் இருந்தால்தான் நிதி நிறுவனம் நேரடியாகக் கதவைத் திறக்கும். நமக்குத் தெருமுனைதான்.

வண்டி ஓடும்வரை கவலை இல்லை. சில சமயம் ஓடாது. வெளிநாட்டுப் பங்குகளில் முதலீடு செய்யும் பரஸ்பர நிதிகளுக்கு, நிதித்துறை முழுமைக்கும் சேர்த்து 700 கோடி டாலர் என்று உச்சவரம்பு இருக்கிறது. அது நிரம்பும் நிலைக்கு வந்ததும் 2022 பிப்ரவரி முதல் புதுப் பணம் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புது யூனிட் உருவாகாது, ஆனால் அமெரிக்கத் தொழில்நுட்பப் பங்குகள் மீதான ஆசை மட்டும் குறையவில்லை. விளைவு, நாஸ்டாக் 100 இடிஎஃப்பைச் சரக்கின் மதிப்பைவிட 10 சதவீதத்துக்கும் மேல் கூடுதல் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. உச்சவரம்பு நாளை உயர்ந்தால் வண்டி மறுபடி ஓடத் தொடங்கும், அந்தக் கூடுதல் கரைந்துபோகும். நாஸ்டாக் ஏறினாலும் அவர்கள் நஷ்டப்படலாம்.

2025 தீபாவளி சமயத்தில் வெள்ளிக்கும் இதே கதை. உலகெங்கும் கட்டி வெள்ளிக்குத் தட்டுப்பாடு. இடிஎஃப் விலை உள்ளிருக்கும் வெள்ளியின் மதிப்பைத் தாண்டி ஓடியது. வெள்ளி இடிஎஃப்பில் போடும் ஃபண்டுகளில் மொத்தமாகப் பணம் போடுவதைச் சில நிறுவனங்கள் தற்காலிகமாக நிறுத்தின. விற்பவரே ‘இப்போது வேண்டாம்’ என்று கடையைச் சாத்தும்போது, பக்கத்துச் சந்தில் கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தது கூட்டம்.

சரி, எந்தக் குறியீடு? என்னைக் கேட்டால் நிஃப்டி 50-ல் தொடங்கி அங்கேயே வெகுநாள் இருக்கலாம். நிஃப்டி இடிஎஃப், சென்செக்ஸ் இடிஎஃப், பேங்க் நிஃப்டி இடிஎஃப் என மூன்றையும் வாங்கிவிட்டுப் பணத்தைப் பிரித்துப் போட்டிருக்கிறேன் என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். நிஃப்டியிலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வங்கி, நிதித்துறைப் பங்குகள்தான். எச்டிஎஃப்சி வங்கியும் ஐசிஐசிஐ வங்கியும் மூன்று கூடையிலும் உண்டு. சாம்பார் சாதம், பிசிபேளா, கதம்ப சாதம் என்று மூன்று பொட்டலம் வாங்குவது போலத்தான் இது. வேறு ருசி வேண்டுமென்றால் நிஃப்டி நெக்ஸ்ட் 50 இருக்கிறது. முதல் ஐம்பதுக்கு அடுத்த வரிசையில் நிற்கும் நிறுவனங்கள். ஏற்ற இறக்கம் கூடுதல், பொறுமையும் கூடுதலாக வேண்டும்.

குறியீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சலித்தெடுக்கிறார்கள். அவசரம் என்றால் அதற்கு முன்பே. கணக்குப் புத்தக மோசடி வெளியான சில நாளில், 2009 ஜனவரியில், சத்யம் வெளியே போனது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியும் அப்படித்தான். இந்தப் பங்குகள் சரிந்தபோது நிஃப்டி இடிஎஃப் வைத்திருந்தவருக்கும் அடி விழுந்தது, ஆனால் ஐம்பதில் ஒன்றின் அடி.

துறை சார்ந்த, ‘தீம்’ சார்ந்த இடிஎஃப்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரு துறை இரண்டு வருடம் ஏறிய பிறகுதான் அதன் பெயரில் புது இடிஎஃப் வருகிறது. 44 ரூபாய்க்கு வாங்கியவனின் வயிற்றெரிச்சல் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

அரசு சார்ந்த இடிஎஃப்களும் தனி ரகம். 2014-ல் வந்த சிபிஎஸ்இ இடிஎஃப்பும் 2017-ல் வந்த பாரத் 22-ம் பொதுத்துறை நிறுவனங்களில் அரசின் பங்கைக் குறைக்க உருவானவை. தொடக்க வெளியீட்டில் தள்ளுபடியும் கொடுத்தார்கள். சிபிஎஸ்இ இடிஎஃப் பல வருடம் சோர்ந்து கிடந்து, 2020-க்குப் பிறகுதான் எழுந்து ஓடியது. பொறுத்தவர்களுக்கு நல்ல லாபம். ஆனால் அந்தக் கூடையில் என்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது அரசின் தேவை.

தங்கத்துக்கு வருவோம், நம் வீடுகளில் பேச்சு எப்படியும் அங்கேதான் வந்து நிற்கும். 2007-ல் தங்க இடிஎஃப் இந்தியாவுக்கு வந்தது. செய்கூலி கிடையாது, சேதாரம் கிடையாது, ‘பழைய நகைக்கு இவ்வளவுதான் சார்’ என்று உரசிப் பார்ப்பவரும் கிடையாது. உள்ளே இருப்பது 99.5 சதவீதத் தூய்மைக்குக் குறையாத கட்டித் தங்கம். சில இடிஎஃப்களில் ஒரு யூனிட் என்பது 0.01 கிராம், ஆக நூறு யூனிட் சேர்ந்தால் ஒரு கிராம். அதே சமயம், இதைக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது, அவசரத்துக்கு நகைக்கடன் கவுண்டரில் வைக்கவும் முடியாது. பங்கு இடிஎஃப்பைவிடச் செலவு விகிதமும் அதிகம். உள்நாட்டு விலையை ஒட்டிப் போவதால் இறக்குமதி வரியும் அதில் அடக்கம். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் சுங்கவரியை 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைத்த அன்று, உலகச் சந்தையில் பெரிதாக ஒன்றும் நடக்காமலேயே இங்கே தங்க இடிஎஃப்கள் சரிந்தன. மகளுக்கு நகை சேர்ப்பவர் நகைச் சீட்டைத் தொடரட்டும். தங்கத்தை முதலீடாக மட்டும் பார்ப்பவர் இந்தப் பக்கம் வரலாம்.

குறியீடு முடிவானதும் ஒரே குறியீட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நிறுவனங்களின் இடிஎஃப் வரிசையில் நிற்கும். இங்கே பலரும் சறுக்குவது, எதில் அதிகப் பணம் திரண்டிருக்கிறதோ அதுவே சிறந்தது என்று எடுத்துக்கொள்வதில். எஸ்பிஐயின் நிஃப்டி இடிஎஃப் மலை போல வளர்ந்ததற்கு முக்கியக் காரணம், 2015 ஆகஸ்டிலிருந்து பிஎஃப் நிறுவனம் நம் சம்பளத்தில் பிடிக்கும் பணத்தின் ஒரு பகுதியை அதில் போட்டுவருவது. (இடிஎஃப் என்றால் என்னவென்றே தெரியாது என்பவரும் பிஎஃப் கணக்கு வழியாக ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்.) உள்ளே போன அந்தப் பணம் தினமும் சந்தையில் கைமாறுவதில்லை. நமக்குத் தேவை, தினமும் எவ்வளவு யூனிட் கைமாறுகிறது என்ற கணக்கு. அதைவிட எளிய சோதனை: மதியம் பன்னிரண்டு மணிக்குச் செயலியில் வாங்குபவர், விற்பவர் விலைப்பட்டியலைத் திறந்து பாருங்கள். 280.10-க்கு வாங்கவும் 280.14-க்கு விற்கவும் ஆயிரக்கணக்கான யூனிட்டோடு ஆட்கள் நின்றால் நல்ல கடை. இடைவெளி ஒரு ரூபாய், இருபக்கமும் ஐம்பது அறுபது யூனிட் என்றால் அடுத்த கடைக்கு நகருங்கள்.

அடுத்து ‘ட்ராக்கிங் டிஃபரன்ஸ்’. டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட குறியீடு ஒரு வருடத்தில் 12 சதவீதம் தந்து, இடிஎஃப் 11.9 தந்திருந்தால், 0.1 வித்தியாசம். செலவு விகிதம், கையில் சும்மா கிடந்த பணம், குறியீடு மாறும்போது வாங்கி விற்ற செலவு எல்லாம் இந்த ஒரே எண்ணுக்குள் வந்துவிடும். ஆகவே செலவு விகிதத்தைவிட இதை நம்பலாம். இதோடு ‘ட்ராக்கிங் எரர்’ என்று இன்னொன்றும் போடுவார்கள். அது வித்தியாசம் நாளுக்கு நாள் எவ்வளவு ஆடுகிறது என்பதைச் சொல்வது.

வாங்கும்போது லிமிட் ஆர்டர் மட்டுமே. ஐஎன்ஏவியைப் பார்த்து, அதையொட்டி ஒரு விலை போட்டுக் காத்திருந்தால் போதும். சந்தை திறந்த முதல் கால் மணி நேரம் பக்கமே போக வேண்டாம். உள்ளே இருக்கும் பங்குகளே அப்போது நிலைகொள்ளாமல் ஆடுவதால் மார்க்கெட் மேக்கர்களும் இடைவெளியை விரித்து வைத்திருப்பார்கள். நாஸ்டாக் போன்றவற்றில் இன்னொரு சிக்கல்: நம் பகலில் நியூயார்க் தூங்குகிறது, எனவே திரையில் தெரியும் ஐஎன்ஏவி நேற்றிரவு விலையின் கணக்கு.

வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பங்கு இடிஎஃப்பை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், பங்குகள், பங்குசார் நிதிகள் எல்லாவற்றிலும் சேர்த்து ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் ரூபாய் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். அதற்கு முன்பே விற்றால் 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். தங்க இடிஎஃப்பிலும் 12 மாதம் தாண்டினால் 12.5 சதவீதம், ஆனால் அந்த 1.25 லட்சம் சலுகை அதற்குக் கிடையாது.

மாதம் மூவாயிரம் ரூபாய் சேமிப்பவர் இத்தனையும் படித்துவிட்டு மலைக்க வேண்டியதில்லை. அவருக்கு இடிஎஃப்பே தேவையில்லை என்பது என் கட்சி. அதே நிஃப்டியை ஒட்டிய இண்டெக்ஸ் ஃபண்ட் இருக்கிறது. டீமேட் கணக்கு வேண்டாம், அன்றைய சரக்கின் மதிப்பிலேயே (என்ஏவி) யூனிட் கிடைக்கும், மூவாயிரமும் கடைசிக் காசு வரை உள்ளே போகும். இடிஎஃப்பில் முழு யூனிட்டாகத்தான் வாங்க முடியும். செலவில் 0.15 சதவீத வித்தியாசம் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு லட்சத்துக்கு வருடம் 150 ரூபாய். அதைக் கொடுத்துவிட்டு 9.17 மணிக்குச் செல்போனைத் தொடாமல் இருக்கலாம்.

அந்த 300 யூனிட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். எட்டு மாதம் கழித்து விற்கலாம் என்று போனேன். இந்த முறை லிமிட் ஆர்டர், ஐஎன்ஏவிக்குப் பத்துப் பைசா கீழே. முதல் நாள் 45 யூனிட் போனது. மறுநாள் 110. மூன்றாம் நாள் வாங்க ஆளே வரவில்லை. மீதி 145-ஐ விற்று முடிக்க அடுத்து இரண்டு நாள். எத்தனை யூனிட் விற்றாலும், விற்ற நாள் ஒவ்வொன்றுக்கும் டீமேட் கணக்கிலிருந்து எடுக்கும் கட்டணம் தனி. நான்கு முறை கட்டினேன்.