துளை போடும் முன்: கீழ்த்தாடையும் இம்ப்ளாண்டும்

சமையலறை மேடைக்கு மேலே ஒரு தட்டு மாட்ட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய சுவர். வெளியிலிருந்து பார்த்தால் எல்லா இடமும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. உள்ளே தண்ணீர்க் குழாய் புதைந்திருக்கிறது. டிரில்லை எங்கே வைப்பது, எவ்வளவு ஆழம் இறக்குவது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கீழ்த்தாடையில் பல் போன இடத்தில் இம்ப்ளாண்ட் வைக்கும் பல் மருத்துவருக்கும் இதே கேள்விகள்தான். ஈறுதான் டைல்ஸ், தாடையெலும்புதான் சுவர், அதற்குள் ஓடும் நரம்புதான் குழாய்.

இந்த நரம்பு தாடையின் பின்பகுதியில், மேல்நோக்கி எழும் எலும்பின் உட்புறத் துளை வழியாக நுழைகிறது. கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு அடியில் ரத்தக்குழாய்களோடு சேர்ந்து முன்னே வருகிறது. முன்கடைவாய்ப் பற்களுக்குக் கீழே இன்னொரு துளை வழியாக வெளியேறிக் கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வைத் தருகிறது. இது உணர்வுக்கான நரம்பு, அசைவுக்கானது அல்ல. அதனால் காயம்பட்டாலும் உதடு கோணாது. பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பாதிக்கப்பட்டவருக்கோ காபி வழிவது தெரியாது, உதட்டைக் கடித்துக்கொண்டது தெரியாது. சிலருக்கு மரத்துப்போன இடத்திலேயே எரிச்சலும் வலியும் சேர்ந்துகொள்ளும். "கொஞ்சம் மரத்திருக்கிறது, அவ்வளவுதானே" என்று யாரும் இதை லேசாகச் சொல்லிவிடக் கூடாது.

பாடநூல் படத்தில் குழாய் ஒரே சீராக ஓடும். உண்மையான தாடைகளில் அப்படியில்லை. பலருக்கு நரம்பு வெளியேறும் துளையைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் முன்னே போய், வளைந்து திரும்பி வந்துதான் வெளியேறுகிறது. துளைதான் எல்லை என்று நம்பி அதற்குச் சற்று முன்னால் டிரில்லை இறக்கினால் அந்த வளைவில் படும். வளைவின் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளின் இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒத்துப்போக வேண்டியதில்லை. வேறு சிலருக்குக் குழாய் இரண்டாகக் கிளை பிரியும். ஊசி சரியாகப் போட்டும் பல் மரக்கவில்லை என்றால், இப்படியொரு கிளையும் காரணமாக இருக்கலாம்.

குழாயைவிட எனக்கு அதிகக் கவலை தருவது சுவரின் மறுபுறம். கடைவாய்ப் பகுதியில் தாடையெலும்பின் நாக்குப் பக்கம் பலருக்குக் கீழே உள்வாங்கியிருக்கும். மேலே அகலமான சுவர், கீழே குறுகல். நேராக இறங்கும் டிரில் அந்தக் குழிவில் எலும்பைத் துளைத்து வெளியே வந்துவிடலாம். அங்கே வாயின் அடித்தளத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிக் கிளைகள் இருக்கின்றன. முன்பற்களுக்குக் கீழேயும், தாடையின் நடுவில், சின்னஞ்சிறு துளைகள் வழியாக ரத்தக்குழாய்கள் எலும்புக்குள் நுழைகின்றன. தமனி அறுந்தால் ரத்தம் நாக்குக்கு அடியில் தேங்கி, நாக்கை மேலும் பின்னும் தள்ளி, மூச்சுப்பாதையையே அடைக்கக்கூடும். அரிதாகத்தான் நடக்கும். ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்து.

பல் போன பிறகு சுவரின் உயரமும் குறையும். எலும்பு ஆண்டுக்கணக்கில் தேய்ந்து, பல்செட் போட்ட முதியவர்கள் சிலருக்கு நரம்பு வெளியேறும் துளை எலும்பின் மேல்விளிம்புக்கே வந்துவிடும். அந்த இடத்தைப் பல்செட் அழுத்தினாலே சுரீரென்று வலிக்கும்.

சுவர் பூசும் முன் குழாய்களைப் போட்டோ எடுத்து வைத்திருந்தால் பிறகு பயமில்லாமல் துளை போடலாம். ஓ.பி.ஜி. எக்ஸ்ரே அப்படியொரு போட்டோ. ஆனால் அது தட்டையானது. குழாய் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று காட்டும். சுவரின் கனத்தில் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, மறுபுறம் எவ்வளவு குழிந்திருக்கிறது என்று காட்டாது. உருவத்தைப் பெரிதாக்கியும் காட்டும். 1990-களின் கடைசியில் பல் மருத்துவத்துக்கு வந்த சி.பி.சி.டி. ஸ்கேன், தாடையைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்ததுபோல் முப்பரிமாணத்தில் தருகிறது. ஓ.பி.ஜி.யில் அரிதாகவே கண்ணில் படும் கிளைக்குழாய்கள் இதில் அதிகமாகத் தெரிகின்றன.

அளந்த பிறகும் இடைவெளி விட வேண்டும். இம்ப்ளாண்டின் நுனிக்கும் நரம்புக்கும் இடையே குறைந்தது 2 மி.மீ. என்பது பரவலான வழக்கம். டிரில்லின் கூர்நுனி அதில் குறித்த அளவைவிடச் சற்று நீளமாக இருக்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கைப்பழக்கத்தை மட்டும் நம்ப முடியாது. குழாயைச் சுற்றியுள்ள எலும்பு சிலருக்கு மிக மெல்லியது. டிரில் அதைத் தொடுவது கைக்குத் தெரியாமலே போகலாம். வெப்பமும் பகைதான். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் சூடானாலே பாதிப்பு தொடங்குவதாக 1983-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உப்புநீரைப் பாய்ச்சிக்கொண்டே துளைப்பது அதனால்தான்.

ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் 1965-இல் முதல் நோயாளிக்கு டைட்டானியம் இம்ப்ளாண்ட் பொருத்திய பெர்-இங்வார் ப்ரோனமார்க்கின் தொடக்கமுறையில், கீழ்த்தாடை இம்ப்ளாண்டுகளை, இருபுறமும் நரம்பு வெளியேறும் துளைகளுக்கு இடைப்பட்ட முன்பகுதியில் வைத்தார்கள். நரம்பை விட்டு விலகியே இருக்கும் வழி அது. இன்று கடைவாயிலும் வைக்கிறோம். எலும்பு குறைவாக இருந்தால் குட்டையான இம்ப்ளாண்ட் உண்டு. நரம்பைத் தவிர்க்கச் சாய்த்து வைப்பதும் உண்டு.

சிகிச்சைக்கு முன் மருத்துவரிடம் "என் நரம்புக்கும் இம்ப்ளாண்டுக்கும் எத்தனை மில்லிமீட்டர் இருக்கும்?" என்று கேளுங்கள், ஸ்கேனில் காட்டச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபப்பட மாட்டார். சிகிச்சை முடிந்து ஊசியின் வேகம் இறங்க வேண்டிய நேரம் கடந்தும் உதடு மரத்தே இருந்தால், மறுவாரச் சந்திப்புக்குக் காத்திருக்காமல் அன்றே கூப்பிட்டுச் சொல்லுங்கள். இம்ப்ளாண்ட் நரம்பை அழுத்தினால் முதல் ஓரிரு நாளுக்குள் அதை எடுத்துவிடுவதே உணர்வு திரும்புவதற்கு நல்ல வாய்ப்பு. நாக்குக்கு அடியில் வீங்கிக்கொண்டே போனாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.