ஊருணியும் இளையோரும்

ஒப்புரவு என்னும் சொல்லை ஈகை என்னும் சொல்லோடு ஒன்றாக வைத்தே நாம் பெரும்பாலும் எண்ணிவிடுகிறோம். வள்ளுவப் பெருந்தகையோ இரண்டையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். ஈகை, இல்லாதவர்க்கு ஒருவர் கொடுப்பது. ஒப்புரவு, உலக நடை அறிந்து ஊரார் அனைவர்க்கும் பயன்பட ஒழுகுவது. கைம்மாறு கருதாத மழையைக் காட்டி ஒப்புரவறிதல் அதிகாரத்தைத் தொடங்கும் அவர், நீர் நிறைந்த ஊருணியையும், கனி தரும் மரத்தையும், மருந்து மரத்தையும் அடுத்தடுத்து உவமையாக்குகிறார். பதினாறு, பதினேழு வயது மாணவர் கையில் கொடுக்கப் பொருள் இராது; எனவே ஈகை அவர்க்கு அரிது. நேரமும் உடல் வலிவும் உடையராதலின் ஒப்புரவு அவர்க்கு எளிது. இளையோர் தொண்டு என்று நாம் கூறுவது இதனையே.

வள்ளுவர் உவமையாக்கிய ஊருணிக்கு நம் கோவையில் சான்று தேடி அலைய வேண்டுவதில்லை. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் பிறக்கும் நொய்யலின் நீரைச் சித்திரைச்சாவடி முதலிய அணைக்கட்டுகள் வாய்க்கால்களில் திருப்பிவிடுகின்றன. கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம், செல்வசிந்தாமணி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் எனக் குளங்கள் நிரல்பட அமைந்துள்ளன. ஒரு குளம் நிறைந்து வழிந்தால் அடுத்ததற்கு நீர் செல்லும். ஒரு வாய்க்கால் அடைபட்டால் அதற்குக் கீழுள்ள குளம் வறளும். மேற்கே உள்ளவர் கொட்டும் குப்பை கிழக்கே உள்ளவர் நீரைக் கெடுக்கும். இக்குளங்களைப் பேணுவது ஒரு தெருவாரால் மட்டும் முடிவதன்று.

நம் முன்னோர் இதனை அறிந்தே 'குடிமராமத்து' என்னும் முறையைக் கண்டனர். கோடையில் ஊரார் கூடித் தூர் அகற்றுவர், கரையை உயர்த்துவர், மதகைச் செப்பனிடுவர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் இம்மரபுவழி உழைப்பைக் கட்டாயமாக்கித் தவறியோர்க்குத் தண்டமும் விதிக்க வழி செய்தது. உரிமையோடு செய்த பணி கடமைச் சுமையாயிற்று. சட்டம் ஏட்டில் நிலைத்தும் குடிமராமத்து நாளடைவில் நலிந்தது. கட்டாயத்தால் உழைப்பைப் பெறலாம். உள்ளத்தைப் பெறல் இயலாது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது.

காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பெற்றது. 'எனக்காக அன்று, உனக்காக' என்பது அதன் குறிக்கோள். ஆண்டுக்கு 120 மணி வீதம் ஈராண்டில் 240 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் வரையறை. நற்பயிற்சியே இது. ஆயினும் மணிக்கணக்கை நிரப்பிச் சான்றிதழ் பெறுவதோடு தொண்டு முடிந்துவிடுமாயின், 1858-இன் சட்டத்திற்கும் நம் வருகைப் பதிவேட்டிற்கும் என்ன வேறுபாடு?

கோவையில் நாம் கண்ட நற்காட்சிகளும் உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கோடையில் உக்கடம் பெரியகுளத்தில் தூர்வாரும் பணி நடந்தபோது, மாணவர், தொழிலாளர், இல்லத்தரசியர், வணிகர் எனத் திரளானோர் ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியும் கூடையுமாய் இறங்கினர். பின்னர் 2017-இல் தொடங்கிய கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பினர், வாரந்தோறும் குளக்கரைகளில் கூடித் தூய்மைப் பணி செய்தனர். வெள்ளலூர்க் குளத்து வாய்க்காலைச் சீர்செய்து, கரையில் மரங்களும் வளர்த்தனர். ஒரு நாள் ஆரவாரத்தினும் வாரந்தோறும் திரும்பி வருதலே பயன் தந்தது.

உக்கடம் பெரியகுளத்தைச் சூழ்ந்து பல சமயத்தாரும் வாழ்கின்றனர். 1997 நவம்பரிலும் 1998 பிப்ரவரியிலும் இந்நகர் பட்ட காயத்தை நம் பெரியவர்கள் மறந்திலர். அதன் பின்னர்ப் பிறந்த நம் மாணவர்க்கு அண்டை வீட்டாரைப் பற்றிய அச்சம் மரபுரிமையாகிவிடலாகாது. ஒரே கூடையின் இரு காதுகளை இருவர் பற்றித் தூக்கும்போது, ஒருவர் பெயரை மற்றவர் கேட்டறிகிறார். மறு வாரம் எதிர்பார்க்கிறார். நல்லிணக்கக் கூட்டங்கள் சொல்லால் முயல்வதை இப்பணி செயலால் ஆக்குகிறது. பாதையில் கிடக்கும் இடர்ப்பொருளை அகற்றுவதும் தருமமே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறி. அப்பாதையில் நடப்பவர் யார் என்று அந்நெறி கேட்பதில்லை.

ஆதலின் நாம் சில கருத்துகளை முன்வைக்கிறோம். ஒவ்வொரு வகுப்பும் ஒரு வாய்க்காலின் குறித்த பகுதியை மூன்றாண்டுகள் பேணி, விடைபெறும்போது இளைய வகுப்பினரிடம் ஒப்படைக்கலாம். மாணவியரும் அச்சமின்றிப் பங்கேற்கப் பெற்றோரும் ஜமாஅத்துப் பெரியோரும் உடன் வரலாம். கையுறையும் காலணியும் இன்றி எவரையும் அனுப்பலாகாது. சாக்கடைக்குள் மாணவரை இறக்குதல் தொண்டாகாது. கழிவுநீரைத் தடுப்பது மாநகராட்சியின் கடமை. அதனை உரியவர்க்கு எழுதி வற்புறுத்துவதும் மாணவர் பணியே.

மழை கைம்மாறு கேட்பதில்லை; ஆயினும் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. சான்றிதழ் பெற்ற பின்னும் குளக்கரைக்குத் திரும்பி வரும் மாணவரே ஒப்புரவு அறிந்தவர். அத்தகையோரை உருவாக்கும் கல்வியே ஊருக்குப் பயன்படும் கல்வி எனத் துணிவோம்.