வாசனை காட்டிக் கொடுத்த கார்!

நான் 36 வயது குடும்பத்தலைவி. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் கணவருக்கு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. காலண்டர் சீசனில் ராப்பகலாக மெஷின் ஓடும். மற்ற நாளில் சுமார்தான். கார் வாங்குகிற குடும்பம் இல்லை நாங்கள்.

ஆனால், என் மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் விருதுநகரில் டயாலிசிஸ். முடித்து வரும்போது நிற்கக்கூட முடியாது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டிலேயே மயங்கி விழுந்துவிட்டார். அன்று ராத்திரி, 'பழசோ கிழசோ, நமக்குன்னு ஒரு வண்டி வேணும்' என்றார் என் கணவர். அச்சக வேனை ஓட்டிப் பழகியவர் அவர்.

தீபாவளி போனஸ், சீட்டுப் பணம், என் இரண்டு வளையலை அடகு வைத்தது எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது.

சாத்தூர் பக்கம் ஒரு புரோக்கர் வெள்ளைக் கார் ஒன்றைக் காட்டினார். புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. மீட்டரில் 42 ஆயிரம் கிலோமீட்டர்தான். 'டாக்டர் வீட்டு வண்டிங்க. நாளைக்கு வேற பார்ட்டி வர்றாங்க. இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்தா உங்களுக்கு' என்றார். என் கணவர் சட்டைப் பைக்குள் கையை விட்டுவிட்டார்.

நான் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்தியதும் கமகமவென்று சென்ட் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. எங்கேயோ பழகின வாடையாச்சே என்று யோசித்தேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் கொட்டித் தீர்த்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. தூத்துக்குடியில் என் அண்ணன் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு பாயும் மெத்தையும் அலசிப் போட்டது நான்தான். எத்தனை வெயிலில் காய வைத்தும் போகாத அதே சேற்று வாடை!

வாயைத் திறக்காமல் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வெளியே தெரிகிற பாதி சுத்தம். உள்ளே சுருண்டிருந்த பாதியில் மண் நிறக் கறை. தரை மேட்டைத் தூக்கினால் ஈரம். சீட்டுக்கு அடியில் போல்ட்டெல்லாம் துரு. 'என்னங்க, அத்தைக்கு மாத்திரை குடுக்கிற நேரமாச்சு' என்று அவரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வழியெல்லாம் திட்டு. 'இவ்வளவு கம்மியா ஓடின வண்டி இந்த விலைக்குக் கிடைக்குமா? வண்டியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?' என்றார். மனசு வலித்தது. ஆனாலும் மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் தம்பியைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

'அண்ணே, அக்கா சொன்னது சரிதான். இது தண்ணிக்குள்ள நின்ன வண்டி. ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்திருக்கு. மீட்டரையும் திருப்பியிருக்காங்க. 42 ஆயிரம் ஓடின வண்டியில கிளட்ச் பெடல் ரப்பர் இப்படித் தேயாது' என்றான் தம்பி. என் வளையல் பிழைத்தது!

பிறகு ராஜபாளையத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவருடைய 2013 மாடல் ஆல்டோ வந்தது. மீட்டரில் 1 லட்சத்து 48 ஆயிரம் கிலோமீட்டர். இவர் தயங்கினார். ஆனால், ஆயில் மாற்றிய ஒவ்வொரு பில்லையும் அந்த சார் ஃபைல் போட்டு வைத்திருந்தார். 'நிறைய ஓடினது தப்பில்ல அண்ணே, பராமரிக்காம ஓடினதுதான் தப்பு' என்றான் தம்பி.

அன்று அவன் பார்த்ததை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். நாம் போகும் முன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் கிளம்பாத கோளாறு தெரியாது. ஆயில் மூடியைத் திறந்தான். உள்ளே பால் காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போதுதான் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். புகை நீலமாக வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம்.

பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவு, பானெட் எல்லாம் வைத்துப் பார்த்தான். இரும்புத் தகட்டில் ஒட்டும். அடிபட்டுப் பட்டி பூசின இடத்தில் ஒட்டாது. டயரில் நாலு இலக்க எண் இருக்கிறது. 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. கடைசியில் மேடு பள்ளத்தில் ஓட்டிப் பார்த்தான்.

கிளட்ச் பிளேட்டும் இரண்டு டயரும் மாற்ற 12 ஆயிரம் ஆகும் என்றான். அதைச் சொல்லியே பேரம் பேசி 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு முடித்தோம்.

பேப்பர் பார்ப்பதும் முக்கியம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பர், வண்டியில் அடித்திருக்கும் நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். கடன் பாக்கி, இன்சூரன்ஸ், போலீஸ் அபராதம் எல்லாம் வண்டி நம்பரைப் போட்டு பரிவாகன் இணையதளத்திலேயே பார்க்கலாம். என் மகள் போனில் பார்த்துச் சொன்னாள். படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கி, 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். இன்சூரன்சை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று விடாதீர்கள்.

இப்போது டயாலிசிஸ் முடிந்து வரும்போது மாமியார் முன் சீட்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வருகிறார். வளையல் இன்னும் அடகுக் கடையில்தான். பரவாயில்லை, மீட்டுவிடலாம்.

தோழியரே, வண்டி பார்க்கப் போகும்போது, 'ஆம்பிளைங்க சமாச்சாரம்' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அரிசி மூட்டையை மோந்து பார்த்தே வாங்குகிறவர்கள் நாம். அந்த மூக்கும் கண்ணும் காருக்கும் உதவும்!

- ஒரு வாசகி, திருத்தங்கல்.